புதைத்த நாளையும் மறக்காத பறவை

‘காலையில் என்ன பசியாறினீர்கள்?’ என்று கேட்டால், உண்டதை மட்டுமல்ல, உண்ட இடத்தையும் உடனிருந்தவரையும் நம்மால் சொல்ல முடியும். நமக்கு நேர்ந்ததை இப்படி மீண்டும் எண்ணிப் பார்க்கும் ஆற்றலை ‘நிகழ்வு நினைவு’ என்பர். 1972ல் இந்தக் கருத்தை முன்வைத்த கனடிய உளவியலாளர் எண்டெல் டல்விங், அது மனிதர்களுக்கு மட்டுமே உரியது எனக் கருதினார்.

விலங்குகளுக்கும் அது உண்டா என்று அவற்றிடம் கேட்க முடியாது. அவற்றின் நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும்.

நிக்கோலா கிளேட்டன், ஆண்டனி டிக்கின்சன் இருவரும் அதற்கு ஒரு வழி கண்டனர். காக்கை இனத்தைச் சேர்ந்த ‘ஸ்க்ரப் ஜே’ பறவைகள், கிடைத்த உணவைப் புதைத்து வைத்துப் பிறகு எடுத்துத் தின்னும். மணல் நிரப்பிய தட்டுகளில் அவை புழுக்களையும் நிலக்கடலைகளையும் புதைத்தன. புழு என்றால் அவற்றுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால், அது விரைவில் கெட்டுவிடும், கடலை கெடாது. இதைப் பறவைகள் முன்பே அனுபவத்தில் அறிந்திருந்தன.

புழுவைப் புதைத்து 4 மணி நேரமே ஆகியிருந்தால், பறவைகள் புழு இருந்த இடத்தையே முதலில் தேடின. 124 மணி நேரம் கடந்திருந்தால் கடலையைத் தேடிச் சென்றன. வாசனை வழிகாட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஆய்வாளர்கள் உணவை முன்கூட்டியே அகற்றியிருந்தனர். எனவே, எதை, எங்கே, எப்போது புதைத்தோம் என்ற மூன்றையும் அவை நினைவில் வைத்திருந்தன. இந்த முடிவு 1998ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

பறவை தன் கடந்த காலத்தை மனத்தில் ‘உணர்கிறதா’ என்பதை இச்சோதனை காட்டாது. அதனால் ஆய்வாளர்கள் இதை ‘நிகழ்வு நினைவை ஒத்த நினைவு’ என்றே குறிப்பிடுகின்றனர்.

கணவாய் மீன்களிடமும் இத்தகைய நினைவு உண்டு. ஏறத்தாழ ஈராண்டே வாழும் அவை, முதுமையிலும் அதை இழப்பதில்லை என 2021ல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதர்களின் நிலை வேறு. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது இந்த நிகழ்வு நினைவுதான். கைப்பழக்கமாகிவிட்ட வேலைகள் வேறு வகை நினைவைச் சார்ந்தவை. மகள் சற்றுமுன் வந்து போனதை மறந்துவிடும் பாட்டி, பூத்தொடுக்க மறக்காமல் இருப்பது அதனால்தான். எனவே, அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிடிவாதமன்று. முன்பு கேட்டது அவர் நினைவில் பதியவே இல்லை. கடிந்துகொள்ளாமல் மறுபடியும் பதில் சொல்வதே நாம் செய்யக்கூடியது.