பெயர் ஒன்று, பூ வேறு!

டாஃபோடில் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ‘கிங் ஆல்ஃபிரட்’. ஜான் கெண்டல் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய இந்தப் பெரிய மஞ்சள் எக்காளப் பூவுக்கு, பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 1899-ல் முதல்தரச் சான்றிதழ் தந்தது. இன்று அதே பெயரைச் சொல்லி விற்கப்படும் கிழங்குகளில் பெரும்பாலானவை அந்த ரகமே அல்ல. ‘டச் மாஸ்டர்’ போன்ற பிற்கால ரகங்கள்தான் ராஜாவின் பெயரில் கைமாறுகின்றன.

இது ஏன் தோட்டக்காரர்களை உறுத்துகிறது? டாஃபோடில்கள் அடங்கும் நார்சிஸஸ் பேரினத்தில் ரகப் பெயர் என்பது ஒரே ஒரு செடிக்குச் சொந்தம். விதை போட்டால் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பூத்தாலும் தாயைப் போல இருக்காது. அதனால் பக்கக் கிழங்குகளைப் பிரித்து நட்டே ரகத்தைப் பெருக்குகிறார்கள். கார்ன்வாலில் அலெக் கிரே உருவாக்கிய குள்ள ரகம் ‘டெத்-ஆ-டெத்’. உலகெங்கும் தொட்டிகளில் பூக்கும் அந்த ரகச் செடிகள் எல்லாமே அவர் தோட்டத்து ஒற்றைச் செடியின் கூறுகள்தான்.

இந்தப் பெயர்களுக்கான சர்வதேசப் பதிவேட்டை 1955 முதல் ராயல் தோட்டக்கலைச் சங்கமே பராமரிக்கிறது. பதிவான பெயர்கள் 30,000-ஐத் தாண்டிவிட்டன. டாஃபோடில்கள் மொத்தம் 13 பிரிவுகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன.

பிரிம்ரோஸின் கதை வேறு. அதில் இருவகைச் செடிகள் உண்டு: ஒன்றில் சூல்முடி மேலே, மகரந்தம் கீழே; மற்றதில் நேர்மாறு. இது அயல் மகரந்தச் சேர்க்கைக்கான ஏற்பாடு என்று சார்லஸ் டார்வின் 1862-ல் விளக்கினார். விளைவு, விதையில் பிறக்கும் ஒவ்வொரு செடியும் கொஞ்சம் மாறியே பிறக்கும். அடுக்குப் பிரிம்ரோஸ்களோ பெரும்பாலும் விதை கொடுப்பதில்லை. தூரைப் பிரித்து நட ஆளில்லாவிட்டால் ரகமே அழியும். பல பழைய ரகங்கள் அப்படித்தான் போயின.

1930-களில் அமெரிக்காவின் ஓரிகனில் ஃப்ளாரன்ஸ் பெல்லிஸ் கையாலேயே மகரந்தம் சேர்த்து, நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ‘பார்ன்ஹேவன்’ வரிசைகளை உருவாக்கினார். அந்த விதைகள் பின்னர் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து பிரான்ஸின் பிரிட்டனி பகுதிக்கும் போயின. இந்த வரிசைகளில் பெயர் ஒரு செடியைக் குறிப்பதில்லை. ஒரு வம்சத்தைக் குறிக்கிறது.

ஆக, பிரிம்ரோஸ் பாக்கெட்டில் வரிசையின் பெயர் இருந்தால் உள்ளே சின்னச் சின்ன வேறுபாடுகள் இருப்பது நியாயம். டாஃபோடில் பாக்கெட்டில் ‘கிங் ஆல்ஃபிரட் வகை’ என்றிருந்தால், பணம் கொடுக்கும் முன் எந்த ரகம் என்று கேட்டுவிடுவது நல்லது.