பேரல் மாற்றியபின் எஞ்சின் ஏன் 'மிஸ்ஸிங்' அடிக்கிறது?

துப்பாக்கியின் குழலுக்குப் பேரல் என்று பெயர். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக்கும் நம் மெக்கானிக்குகள் பேரல் என்றே சொல்வார்கள். பெயர் மட்டுமா ஒன்று? இரண்டையும் மாற்றும்போது வரும் கோளாறும் ஏறக்குறைய ஒன்றுதான்.

துப்பாக்கியில் குழலை மாற்றியபின், தோட்டாவின் அடிப்பக்கத்திற்கும் அதைத் தாங்கும் பூட்டிற்கும் உள்ள இடைவெளி சற்றுக் கூடிவிட்டால் ஊசி அழுந்தக் குத்தாது. தோட்டா வெடிக்காமல் போகலாம். மோட்டார் சைக்கிளில் என்ன நேரும்? திருவொற்றியூரில் உருவான 'புல்லட்' வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகர என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. ரெட்டிட்ச் நிறுவனம் முன்னர் துப்பாக்கி உறுப்புகள் செய்து கொடுத்தது. வண்டியின் பீரங்கிச் சின்னம் அந்த உறவைக் காட்டுவதாகும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் பேரலின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 346 கன சென்டிமீட்டர் வரும். வால்வுகளோ மேலே, தலைப்பகுதியில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கேம் சக்கரங்கள் கீழே இருக்கின்றன. நடுவே 'புஷ்ராடு' என்னும் இரு நீண்ட கம்பிகள், பேரலுக்குள் உள்ள பாதை வழியே மேலே சென்று, அசையும் கைகளைத் தள்ளி, வால்வுகளைத் திறக்கின்றன.

இப்போது பேரலை மாற்றுகிறோம். புதியது பழையதைவிட இம்மியளவு குட்டையாகவோ, கீழே வைக்கும் கேஸ்கட் சற்று மெல்லியதாகவோ இருந்தால் தலைப்பகுதி கீழே இறங்கிவிடுகிறது. கம்பியின் நீளம் மாறவில்லையே! ஆகவே, மூட வேண்டிய வால்வு முழுதும் மூடாமல் மயிரிழை திறந்தே நிற்கும். அழுத்தப்பட வேண்டிய பெட்ரோல்-காற்றுக் கலவை அவ்வழியே கசியும். அழுத்தம் குறைந்த கலவையில் பொறி விழுந்தாலும் தீ சரியாகப் பற்றாது. இதுவே 'மிஸ்ஸிங்'.

பலர் உடனே பிளக்கை மாற்றுவார்கள். பிறகு பாயிண்டைத் தேய்ப்பார்கள். பேரல் மாற்றும் முன் அவை ஒழுங்காக வேலை செய்தன அல்லவா? கடைசியாக எதைத் தொட்டோமோ அங்கிருந்து தேடத் தொடங்குவதே அறிவுடைமை. முதலில் கிக்கரை மெல்ல மிதியுங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அழுத்தம் கசிகிறது என்று பொருள். எஞ்சின் நன்கு ஆறியபின், இரு வால்வுகளும் மூடும் நிலைக்குப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பேரலின் வலப்பக்கம் உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றுங்கள். கம்பியை விரலால் உருட்டினால் எளிதாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழல மறுத்தால், அங்குள்ள திருகைத் தளர்த்திச் சரி செய்ய வேண்டும். அது சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், தலைப்பகுதியைக் கழற்றும்போது பிரித்த கார்புரேட்டர் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள்.

மாற்றிய அன்று நன்றாக ஓடிய வண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திக்கத் தொடங்குவதும் உண்டு. புதிய கேஸ்கட் சூட்டில் அமுங்கித் தலைப்பகுதி தாழ்ந்திருக்கும். மீண்டும் அதே கதைதான். நட்டுகளை இறுக்கியபின் டாப்பெட்டை மறுபடி பார்க்காமல் விடக் கூடாது.

'சிறு திக்கல்தானே' என்று ஓட்டுபவர் பின்னர் பெரிதாகச் செலவழிக்க நேரும். வெளியேற்று வால்வு தன் சூட்டை, மூடியிருக்கும் நேரத்தில், தான் அமரும் வளையத்தின் வழியாகவே கடத்துகிறது. சரியாக அமராத வால்வு அடுத்தடுத்து அனலிலேயே நின்று, ஓரம் கருகிப் போய்விடும். பிறகு டாப்பெட்டை எவ்வளவு திருகினாலும் அழுத்தம் திரும்பாது. தலைப்பகுதியை மறுபடி கழற்றி வால்வையே மாற்ற வேண்டியதுதான்.