பல்லாவரம் மலையில் உறைந்த நெருப்பு

பொத்தேரி நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கும்போது சற்றுக் குனிந்து பாருங்கள். தண்டவாளத்தின் அடியில் கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. அதில் கருநீலமாக, எண்ணெய் பூசியதுபோல் மினுக்கும் துண்டு ஏதேனும் கண்ணில் படுகிறதா? ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் நெருப்பாய்த் தகித்த கல் இனம் அது!

அதன் தாயகத்தைக் காண வெகுதூரம் போக வேண்டாம். அதே ரயிலில் ஏறித் தாம்பரம், குரோம்பேட்டை தாண்டினால் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை. அந்தக் குன்றுகள் முழுவதும் இந்தக் கல்தான். ஸர் தாமஸ் ஹாலந்து என்ற நிலநூல் நிபுணர் 1893-ம் ஆண்டில் இதற்கு "சார்னகைட்" என்று பெயரிட்டார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் குடியேற்றத்தை நாட்டிய ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை இந்த இனக் கல்லால் ஆனது. அதனால்தான் அந்தப் பெயர்.

குழம்பு எப்படி உண்டாகிறது?

பூமிக்குள் எங்கும் நெருப்புக் கடல் தளும்பிக் கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நம் காலடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் கெட்டிப் பாறையே. உஷ்ணம் கடுமையாக இருந்தும் பாறை ஏன் உருகவில்லை? மேலிருந்து அழுத்தும் பாரமே காரணம். பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

பாரம் குறைந்தால் பாறை உருகும். நீர் சேர்ந்தாலும் உருகும். குல்பி ஐஸ்காரர் பனிக்கட்டியில் உப்புப் போட்டால், அது குறைந்த உஷ்ணத்திலேயே இளகுகிறது. பாறைக்கு நீர் அப்படி.

அந்தமானில் இது இன்றும் நடக்கிறது. அங்கே இந்தியப் பெருந்தட்டு கடலடியில் கிழக்கு நோக்கிப் புதைகிறது. அதோடு உள்ளே போகும் நீர் மேலுள்ள பாறையை இளக்குகிறது. அந்தக் குழம்புதான் போர்ட் பிளேருக்குச் சுமார் 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவில் எரிமலையாகக் கக்குகிறது. 1787-ல் கக்கியதை மாலுமிகள் கண்டார்கள். 1832-க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு உறங்கிய அந்த மலை 1991-ல் விழித்துக்கொண்டது. அதன் பிறகும் பலமுறை பொங்கியிருக்கிறது.

கற்கண்டும் கமர்க்கட்டும்

குழம்பு ஆறுவதிலும் ஓர் அதிசயம் உண்டு. சுடுசோற்றைத் தட்டில் பரப்பினால் உடனே ஆறிவிடும். பானையோடு வைக்கோலில் பொதிந்து வைத்தால் சூடு நிற்கும். எரிமலை வாயில் வழிந்த குழம்பின் மேல்பரப்பு விரைவில் இறுகிவிடுகிறது. பூமிக்குள் தங்கிய பெருங்குழம்போ ஆறி முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம்.

பனஞ்சாற்றுப் பாகை அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டால் பனங்கற்கண்டு பெரிய பெரிய மணியாக விளைகிறது. சட்டென்று ஆறிய பாகோ மணியில்லாத கமர்க்கட்டு! பாறையும் அப்படியே. பல்லாவரத்துக் கல்லில் கண்ணுக்குத் தெரியும் மணிகள் இருக்கின்றன. எரிமலைக் கல்லில் பெரும்பாலும் பொடி மணிகளே.

ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த மணிகள் முதலில் பிரிகின்றன. மிஞ்சிய குழம்பில் மணற்சத்து கூடி, அது பிசினாகிறது. உள்ளே சிக்கிய வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. சாந்தமாக வழியும் எரிமலையும் உண்டு, சீறி வெடிக்கும் எரிமலையும் உண்டு என்பதன் ரகசியம் இதுவே.

சென்னைக்கு ஆபத்து உண்டா?

பயம் வேண்டாம்! பல்லாவரத்துக் கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். ஆழத்துக் குழம்பு ஆறிப் பிறந்தது என்றார் ஹாலந்து. பழைய பாறையே பெரும் உஷ்ணத்தில் உருமாறியும் இது உண்டாகும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். எப்படியாயினும் அது பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது. மேலிருந்த மண்ணும் மலையும் மழையிலும் காற்றிலும் கரைந்து போனதால்தான் இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அடுப்பு அணைந்து யுகங்கள் ஆகிவிட்டன.

இப்போது ஆபத்து கல்லுக்குத்தான். வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி வேண்டுமென்று இந்தக் குன்றுகளை வெடி வைத்துக் குடைந்துவிட்டோம். பரங்கிமலைப் பகுதிச் சார்னகைட்டை இந்திய நிலவியல் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோயில் கல்வெட்டைக் காப்பதுபோல் அதையும் காக்க வேண்டாமா? 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி எழுதிய கல்வெட்டல்லவா அது!