புறாத்தீவின் கடலடிச் சோலை

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையில் நின்று கடலை நோக்கினால் ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவிற் பாறைத் தீவொன்று தென்படும். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் அது புறாத்தீவு எனப் பெயர் பெற்றது. 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட இத்தீவு, சூழவுள்ள கடலோடு சேர்த்து 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மே முதற் செப்டெம்பர் வரையான மாதங்களே அங்கு செல்வதற்கு ஏற்றவை. விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலருடன் நாமும் படகேறினோம். ஆழத்திற் சுழியோடுவோர்க்குக் காற்றடைத்த கலமும் முறையான பயிற்சியும் வேண்டும். நாமோ முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீர்மட்டத்திற் குப்புற மிதந்தவாறே கீழே நோக்கினோம். என்னே காட்சி! மான்கொம்பு போற் கிளைத்த முருகைகள்; அவற்றிடையே வண்ண வண்ண மீன்கூட்டங்கள்; அப்பால், செட்டை நுனி கறுத்த சிறு சுறாவொன்று எம்மைப் பொருட்படுத்தாது நீந்திச் சென்றது.

அவ்வேளையிலே, நழுவிய கண்ணாடியைச் சரிசெய்ய எண்ணிய மாணவனொருவன் முருகைமீது காலூன்றி எழுந்து நின்றான்.

"தம்பி, காலை எடு! அது கல்லில்லை, உயிர்!" என்று படகோட்டி பதறிக் கூவினார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. கல்லென நாம் கருதுவது, எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிச் சுண்ணாம்பினாற் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடலினுள் வாழும் பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி அளிக்கின்றன. கடல்நீர் அளவுமீறிச் சூடேறினால் அப்பாசிகள் நீங்க, முருகை வெளிறும். வெப்பம் நீடித்தால் மடியும். 1998ஆம் ஆண்டிலே இலங்கையின் தென்கடலிலும் மேற்குக் கடலிலும் பெருந்தொகையான முருகைகள் இவ்வாறே மடிந்தன. கிளைவிடும் முருகை ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் வளர்வதே பெரிது. பாறைபோல் திரண்டவை 1 சென்ரிமீற்றர் அளவே வளரும். மிதித்து ஒடிப்பதற்கோ ஒரு நொடி போதும்.

திரும்பும் வழியில் அம்மாணவன் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. கரை அண்மித்தபோது, "ஐயா, நான் முறித்தது எத்தனை வருட வளர்ச்சியாக இருக்கும்?" என்று மெல்லக் கேட்டான். அவன் காட்டிய விரலளவைக் கொண்டு கணக்கிட்டால் பல மாத வளர்ச்சிக்குக் குறையாது. அதைச் சொன்னபோது அவன் தலை கவிழ்ந்தது.

கடலின் வெப்பத்தைத் தனியொருவராகத் தணிக்க எம்மால் இயலாது. ஆயினும் எமது காலை அடக்குதல் எம் வசத்திலன்றோ உள்ளது? நீந்தத் தெரியாதோர் மிதப்பங்கி அணியட்டும். களைத்தோர் படகைப் பற்றட்டும். முருகையின் மேல் மட்டும் நில்லாதிருப்போமாக.