வீட்டில் காத்திருக்கும் பைலட்டுக்குச் சம்பளம் உண்டா?

இன்னைக்கு நாம பேசப்போறது பைலட்டுகளோட சம்பளச் சண்டை பத்தி. "லட்சக்கணக்குல வாங்குறாங்க, இவங்களுக்கு என்ன குறை?"ன்னு நீங்க நினைக்கலாம். இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ நானும் அந்தக் கேள்வியோடதான் போனேன். படிக்கப் படிக்க, சண்டை பெரும்பாலும் தொகையைப் பத்தியது இல்லை, எந்த மணி நேரத்தை எண்ணுறாங்க என்பதைப் பத்தியதுன்னு புரிஞ்சுது.

ஒரு பைலட்டோட வாழ்க்கையில ரெண்டு கடிகாரம் ஓடுது. ஒண்ணு பிளாக் ஹவர். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது ஓட ஆரம்பிக்கும்; போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தியதும் நின்றுவிடும். சென்னையிலிருந்து டெல்லி என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். உலகின் பல விமான நிறுவனங்களில் சம்பளம் பேசப்படுவது இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான். இன்னொன்று டியூட்டி கடிகாரம். ஏர்போர்ட்டில் ரிப்போர்ட் பண்ணும் நிமிடத்திலிருந்தே அது ஓடும். அது இருப்பது பாதுகாப்புக்காக, அதாவது களைத்துப்போன ஆள் விமானம் ஓட்டக்கூடாது என்பதற்காக.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறதுதான் ஸ்டாண்ட்பை.

யாருக்காவது திடீரென்று காய்ச்சல் வரும். மழையில் ஒரு விமானம் தாமதமாகி, அதை ஓட்டவேண்டியவரின் டியூட்டி நேரம் முடிந்துவிடும். அப்போது கூப்பிட ஆள் வேண்டும். அதற்காகச் சில பைலட்டுகள் யூனிஃபார்ம் தயாராக, போன் கையிலேயே, ஊரை விட்டு நகராமல் இருக்கணும். ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது, ஒரு பீர் குடிக்க முடியாது. ஆனா விமானம் நகரலை. அப்போ முதல் கடிகாரப்படி அவர் அன்னைக்குச் செய்த வேலை பூஜ்யம்.

ரெண்டாவது கடிகாரம் என்ன சொல்லுது? இதுல ஐரோப்பிய விதி ரொம்பத் தெளிவா இருக்கு, அதையே எடுத்துக்குவோம். ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்து காத்திருந்தால் முழு நேரமும் டியூட்டிதான். வீட்டிலோ ஹோட்டலிலோ காத்திருந்தால் 25 சதவீதம் மட்டும் டியூட்டிக் கணக்கில் சேரும். எட்டு மணி நேரம் காத்திருந்தால் ரெண்டு மணி நேரம். வீட்டு ஸ்டாண்ட்பை அதிகபட்சம் 16 மணி நேரம் வரை போகலாம். முதல் ஆறு மணி நேரத்துக்குள் கூப்பிட்டு ரிப்போர்ட் பண்ண வைத்தால், வேலை நேர வரம்பு ரிப்போர்ட் பண்ணியதிலிருந்து புதிதாக ஓடும். காத்திருந்தது அதில் குறையாது. ஆறு மணி நேரம் தாண்டினால்தான் தாண்டிய அளவு கழிக்கப்படும். உதாரணத்துக்கு, காலை எட்டு மணிக்கு ஸ்டாண்ட்பை ஆரம்பித்தவர் மாலை நாலு மணிக்கு ரிப்போர்ட் பண்ணினால், அன்றைக்கு அவர் வேலை பார்க்கக்கூடிய நேரத்தில் ரெண்டு மணி குறையும்.

கவனிங்க, இதெல்லாம் களைப்பைப் பத்தின கணக்கு. 25 சதவீதம் டியூட்டின்னா 25 சதவீதம் சம்பளம்னு அர்த்தம் இல்லை. சம்பளத்தைப் பத்தி இந்த விதி வாயே திறக்கலை. அது முழுக்க ஒப்பந்தத்தோட வேலை.

ஒப்பந்தத்துல இதுக்கு ஒரு மருந்து இருக்கு: உத்தரவாத மணி நேரம். மாசம் இத்தனை மணிக்கான சம்பளம் நிச்சயம், அதுக்குக் கம்மியா பறந்தாலும் சரி. நீங்க ஆட்டோவுல கொடுக்குற மினிமம் சார்ஜ் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஸ்டாண்ட்பை நாள், லீவு நாள், பயிற்சி நாள் எல்லாத்துக்கும் மறைமுகமா காசு வர்றது இந்த வழியிலதான். அதனால அந்த எண் மேல கை வச்சா பிரச்சனை வெடிக்கும்.

2024-இல் விஸ்தாராவில் அதுதான் நடந்தது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. ஏர் இந்தியாவோடு இணையத் தயாராகிக்கொண்டிருந்தது. இணைப்புக்கு முன் சம்பள முறையை ஏர் இந்தியா மாதிரி மாற்றினார்கள். அதுவரை மாதம் 70 மணி நேரத்துக்கு உத்தரவாதம். புது ஒப்பந்தத்தில் 40. அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று தனியாகத் தருவோம் என்றார்கள்.

மேலோட்டமா பார்த்தா என்ன தப்புன்னு தோணும். 70 மணி பறந்தா 70 மணிக்கான காசு வந்துடுமே? சரி, ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு ஒரே ரேட்டுன்னு எளிமையா வச்சுக்குவோம். ஒரு மாசம் உங்களுக்கு ஸ்டாண்ட்பை அதிகமா விழுந்து 55 மணிதான் பறந்தீங்க. பழைய முறையில 70 மணிக்கான சம்பளம். புது முறையில 40 பிளஸ் 15, ஆக 55. பதினைந்து மணி நேரத்துச் சம்பளம் போச்சு. நீங்க சோம்பேறியா இருந்து அது போகலை. ரோஸ்டர் போட்டவர் உங்களை வீட்டுல உட்கார வச்சதால போச்சு. தேவை குறையும் ஆபத்தில் ஒரு பகுதி கம்பெனி தலையிலிருந்து பைலட் தலைக்கு மாறுது. என் பார்வையில இதுதான் அந்தச் சண்டையோட சாரம். ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு இன்னும் வலி அதிகம். பயிற்சிக் கடனை அடைச்சுட்டு இருக்கிற வயசுக்காரங்க பலர்.

அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பைலட்டுகள் பலர் உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்ததாகச் செய்திகள் வந்தன. விமானப் போக்குவரத்து அமைச்சகம் அறிக்கை கேட்டது. ரோஸ்டர் ரொம்ப இறுக்கமாக இருந்ததை நிர்வாகமே ஒப்புக்கொண்டு, தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பர் 12-இல் விஸ்தாரா என்ற பெயரே ஏர் இந்தியாவில் கரைந்துவிட்டது.

இந்த "இறுக்கம்" இன்னொரு முறையும் நம்மைக் கடிச்சது. 2025 டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து பண்ணுச்சே, நினைவிருக்கா? வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவு லேண்டிங் வரம்பு ஆறிலிருந்து ரெண்டாகக் குறைஞ்சது. புது விதிக்கு ஏத்த மாதிரி ஆள் கணக்குப் போடலை. சும்மா உட்கார்ந்திருக்கிற பைலட் பேலன்ஸ் ஷீட்ல வீண் செலவு மாதிரி தெரிவார். எல்லாம் குழம்புற அன்னைக்குத்தான் அவர் எதுக்குன்னு புரியும்.

பறக்காத நேரத்துக்கு என்ன விலைங்கிற கேள்வி கோர்ட்டுக்கும் போயிருக்கு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பைலட்டுகளுக்கு நிலையான சம்பளம் தவிர, திட்டமிட்ட ஒவ்வொரு பறக்கும் மணிக்கும் 10 பவுண்டும், வீட்டை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 2.73 பவுண்டும் அந்த வழக்கு நடந்த காலத்தில் இருந்தது. லீவில் போனால் நிலையான பங்கு மட்டும்தான் வந்தது. 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம், வேலையோடு இயல்பாக ஒட்டியிருக்கும் தொகை லீவுச் சம்பளத்திலும் சேரணும் என்றது. 2018-இல் பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவர் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு படி போனது. எட்டு நிமிடத்தில் வந்து சேரவேண்டும் என்ற கட்டாயத்தோடு வீட்டில் காத்திருப்பது வேலை நேரம்தான் என்று சொன்னது. ஆனா அதுக்கு எவ்வளவு சம்பளம்ங்கிறதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுடுச்சு. பைலட்டுகளுக்கு அங்கே தனி விதிகள் இருக்கிறதால, இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கி விமானத்துல வைக்கவும் முடியாது.

ஐடி-ல இருக்கிற நண்பர்களே, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா எழுந்திருக்கணும்னு லேப்டாப்பைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குற ஆன்-கால் வாரம் உங்களுக்கும் இருக்குமே. அழைப்பு வராத ராத்திரிக்கு உங்க கம்பெனி என்ன கணக்கு வச்சிருக்கு? வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.