எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: எடை குறைந்த பிறகும் மருத்துவரை ஏன் பார்க்கவேண்டும்?

"எடைதான் குறைஞ்சிடுச்சே... இன்னும் எதுக்கு டாக்டர்?"

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பலர், ஓராண்டு கழித்து இப்படித்தான் நினைக்கின்றனர். ஆனால் சில சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

சிங்கப்பூரில் அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் சுமார் முக்கால் பங்கு அகற்றப்படும். மிஞ்சுவது வாழைப்பழம் அளவிலான குழாய்தான். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்தே போய்விடும். அதனால் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

முதல் 6 மாதங்களில் எடை மளமளவென்று இறங்கும். பொதுவாக 12 முதல் 18 மாதங்களில் அது நின்றுவிடும். பிறகு கொஞ்சம் ஏறுவதும் சகஜம், பதறவேண்டாம்.

அப்படியானால் எதில் கவனம் தேவை?

வைட்டமின் பி12-இல். அது உடலில் சேர இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் தேவை. இரைப்பை சிறுத்தால் இரண்டுமே குறையும். ஆனால் கல்லீரலில் பி12 ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் விட்டுவிடுவோம். சேமிப்பு கரைந்தபின் சோர்வு, மறதி, கைகால் மரத்துப்போதல் என வரிசையாக வரும். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். சைவ உணவுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

பி1 அதற்கு நேர்மாறு. அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாந்தி நிற்கவில்லையா? அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கவேண்டாம். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் சாப்பிட்டால் பலன் குறையும்.

தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, டோஃபு போன்ற புரத உணவு. சோறு பிறகுதான். விருந்துக்குப் போனால் "இவ்வளவுதானா சாப்பிடுறீங்க?" என்ற அன்புத் தொல்லை இருக்கும், சிரித்துச் சமாளிக்கவேண்டியதுதான். ஆனால் தே தாரிக்கும் பபிள் டீயும் சிறிய இரைப்பைக்குள்ளும் சுலபமாக இறங்கிவிடும். எடை திரும்ப ஏற அவையும் ஒரு காரணம்.

சில மாதங்களில் முடி கொட்டலாம். பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். நீரிழிவு மருந்தின் அளவு குறையக்கூடும். அதை முடிவுசெய்யவேண்டியவர் மருத்துவர். குழந்தை பெற விரும்புவோர் 12 முதல் 18 மாதங்கள் பொறுக்கும்படி அறிவுறுத்தப்படுகின்றனர்.

முதலாண்டில் சில முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுள் முழுதும் பரிசோதனை தேவை.

முட்டிவலி என்று அக்கம்பக்க மருந்தகத்துக்குப் போனாலும் "எனக்கு இரைப்பையில ஆப்பரேஷன் ஆகியிருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில வலிநிவாரணி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். 'பைபாஸ்' முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்த அபாயம் அதிகம்.