மருந்தும் மனிதரும் - 14: நாக்கை நீட்டச் சொல்லும் மருத்துவர்

தலைவலி என்று சீன மருத்துவரிடம் போனால் அவர் தலையோடு நிற்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார். அதன் நிறம், மேலே படிந்த மாவு, ஓரத்தில் பல் பதிந்த தடம் எல்லாவற்றையும் பார்ப்பார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பிடிப்பார். பசி எப்படி, தாகம் எப்படி, இரவில் வியர்க்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். ஒரே தலைவலிக்கு இருவருக்கு இருவேறு கஷாயம் எழுதுவது அங்கே வழக்கம்.

அமெரிக்காவின் ஃபங்ஷனல் மெடிசினும் இதே திசையில் போகிறது. உயிர்வேதியியலாளர் ஜெஃப்ரி பிளாண்ட் 1991-இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். பிறந்ததிலிருந்து உடம்புக்கு நேர்ந்ததையெல்லாம் வரிசைப்படுத்தி, உணவு, தூக்கம், குடல், மனக்கவலை என்று காரணத்தைத் தேடுவார்கள். நாக்குக்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை.

2014-இல் ஓஹையோவின் கிளீவ்லேண்ட் கிளினிக் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. ஆண்டின் தொடக்கத்தில் சீன மூலிகைப் பிரிவு, பின்னர் மருத்துவர் மார்க் ஹைமன் தலைமையில் ஃபங்ஷனல் மெடிசின் மையம். அந்த மையத்துக்கு வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2019-இல் வெளியானது. ஆறு மாதத்தில் 31 சதவீதம் பேருக்கு உடல்நலம் நன்றாகத் தேறியிருந்தது; வழக்கமான குடும்ப மருத்துவத்தில் 22 சதவீதம். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல அது. தாமாகத் தேடி வந்தவர்களுக்கு ஆர்வம் அதிகம் இருந்திருக்கலாம். விலை உயர்ந்த பரிசோதனைகள், சத்து மாத்திரைகள் பலவற்றுக்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. அவசரமில்லாமல் உட்கார்ந்து கேட்கும் மருத்துவர்தான் இரண்டிலும் பெரிய மருந்து என்று நான் நம்புகிறேன்.

ஆனால் சீன மூலிகையையும் ஆங்கில மருந்தையும் கலக்கும்போது கேள்வி கேட்பது மட்டும் போதாது. பிரஸ்ஸல்ஸில் நடந்தது இது. அங்கே ஓர் எடைக்குறைப்பு சிகிச்சையில், பசியடக்கும் ஆங்கில மருந்துகளோடு 1990-இல் சீன மூலிகைப் பொடியும் சேர்க்கப்பட்டது. 1992-இல் இளம் பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஹான் ஃபாங்ஜி என்ற வேர் இருக்க வேண்டிய பொடியில் குவாங் ஃபாங்ஜி என்ற வேறொரு செடியின் வேர் இருந்தது. பெயர் நெருங்கியிருந்ததில் வந்த வினை. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கருக்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அறுவை மூலம் எடுத்துக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்ததாக 2000-இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

அந்தப் பெண்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. மருத்துவர் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். டப்பாவுக்குள் இருப்பது எந்தச் செடி என்று அரைப்பதற்கு முன்பே ஒருவர் சோதித்திருந்தால் போதும். சரியான செடியாகவே இருந்தாலும் கலப்பதில் ஆபத்து உண்டு. டான்ஷென் என்ற சீன வேர் தனியாகப் பார்த்தால் சாது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவை வரவழைக்கலாம்.

நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் குவாங் ஃபாங்ஜியின் இனம்தான். அதே அமிலம் அவற்றிலும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. வீட்டில் யாராவது இவற்றை அரைத்துக் குடித்துவந்தால் உடனே நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளட்டும். என்ன குடித்தோம், எவ்வளவு நாள் குடித்தோம் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லட்டும்.

(தொடரும்)